சிரட்டையில் இரண்டு சொட்டு

மே 22, வியாழன்

இது நாட்குறிப்பு அல்ல, ஆராய்ச்சிக் குறிப்பேடு. பின்னால் யாராவது வந்து, இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவதற்காகத் தேதி போட்டு எழுதுகிறேன். கேட்கத்தான் போகிறார்கள்.

பெயர் பெல்சி. எம்.எஸ்ஸி. விலங்கியல். வயது முப்பத்தெட்டு. குலசேகரத்துக்கு மேலே ஒரு தனியார் ரப்பர் தோட்டத்தில் பதினொரு வருடமாகப் பால் வெட்டுகிறேன். இங்கே என்னையும் சேர்த்து ஐந்து வெட்டுக்காரர்கள். நான்தான் சூப்பர்வைசரும். எம்.எஸ்ஸி. படித்துவிட்டு ஏன் மரத்தடியில் நிற்கிறாய் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: என்னோடு படித்துப் பி.எட். முடித்தவன் தென்னை மரம் ஏறுகிறான், நான் தரையிலாவது நிற்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு ரப்பர் மரத்திலும் பால் விழுவதற்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை கம்பியில் தொங்கும். ஆளுக்கு முந்நூறு மரம். மழை நாளில் வெட்டு கிடையாது. ஆனால் சிரட்டை அங்கேயே வாயைத் திறந்துகொண்டு நிற்கும், தண்ணீர் நிறையும், அதில் கொசு முட்டையிடும். எங்கள் பக்கத்தில் கூத்தாடி என்போம், அந்தக் கொசுப்புழு ஐந்து சிரட்டைக்கு ஒன்றில் நெளிகிறது. பகலில் கடிக்கிற வரிக்கொசு. கீழ்த் தோட்டத்தில் இந்த மாதம் மட்டும் மூன்று பேருக்கு டெங்கு. சுகாதார ஆய்வாளர் பத்மகுமார் வந்து, மழை விட்டதும் எல்லாச் சிரட்டையையும் கவிழ்த்து வைக்க வேண்டும், அடுத்த முறை புழுவைக் கண்டால் வெட்டையே நிறுத்துவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்லலாம். வழுக்குகிற சரிவில் அட்டைக் கடியோடு ஒவ்வொரு மழைக்கும் முந்நூறு மரத்தைச் சுற்றி வருவது அவர் இல்லை. மேலும் வெட்டி முடித்த பிறகும் பால் சொட்டிக்கொண்டே இருக்கும். சிரட்டையைக் கவிழ்த்தால் அந்த ஒட்டுப்பால் மண்ணுக்குப் போகும்.

சிரட்டை நிமிர்ந்தே இருக்க வேண்டும், புழுவும் சாக வேண்டும். அதற்கு ஒரு செடியோ கொட்டையோ இந்த மாவட்டத்திலேயே கிடைக்க வேண்டும்.

நொச்சிச் சாறு பார்த்தாயிற்று. தும்பை பார்த்தாயிற்று. கடையில் வாங்கிய வேப்பெண்ணெயில் புழுக்கள் நான்கு நாள் சாவகாசமாக இருந்து கொசுவாகிப் பறந்தன. இனி அண்டித்தோடு, முந்திரிக் கொட்டையின் ஓடு.

மே 25, ஞாயிறு

கிளாட்ஸ்டன், என் வீட்டுக்காரர், அண்டி ஆபீசில் வேலை பார்க்கிறார். முந்திரிக் கொட்டை உடைக்கும் இடத்துக்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர். பருப்பெடுத்த தோடு அங்கே மலைபோலக் கிடக்கும். ஒரு சாக்கு கொண்டுவரச் சொன்னேன்.

தோட்டைச் சூடாக்கினால் கறுத்த எண்ணெய் வடியும். கையில் பட்டால் பொள்ளும். பட்டது. வலது கையில் இரண்டு விரல் கொப்புளம். அந்த எண்ணெயைப் பூந்திக்கொட்டை ஊறிய நீரில் அடித்துக் கலக்கினால் மோர்போல வெளுத்து நிற்கும், தண்ணீரில் விட்டால் மிதக்காமல் கரையும். இந்தக் கலவைதான் என் கண்டுபிடிப்பு. தனித்தனியாக இரண்டும் எல்லாருக்கும் தெரிந்தவை, சேர்த்தது நான்.

எட்டுச் சிரட்டை எடுத்தேன். சமையலறையில் தேங்காய் துருவி மிஞ்சியவை, நார் சுரண்டி, சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காய வைத்தவை. ஆராய்ச்சிக்குச் சுத்தம் முக்கியம். ஒவ்வொன்றிலும் மழைத்தண்ணீர், இருபது புழு. நான்கில் இரண்டு சொட்டு விட்டேன். நான்கை அப்படியே விட்டேன்.

மே 26, திங்கள்

சொட்டு விட்டவற்றில் எண்பதும் செத்தன. விடாதவற்றில் எழுபத்தொன்பது உயிரோடு. ஒன்று தன் இஷ்டத்துக்குச் செத்தது.

மே 28, புதன்

மூன்று முறை திரும்பச் செய்து பார்த்துவிட்டேன். பத்து நாளாகத் தேங்கிய பழைய தண்ணீரில் வேலை செய்யுமா என்று ஒரு சிரட்டையில் விட்டுப் பார்த்தேன், அதிலும் செத்தன. போதும் என்று இன்று ரப்பர் ஷீட் அடிக்கிற ஷெட்டில் மற்ற நான்கு பேரையும் கூட்டி, ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்தேன்.

"இது என்ன, நாத்தம் கொடலப் பொரட்டுது" என்றான் தாசையன். இரண்டாம் பிளாக் வெட்டுகிறவன். என்னோடு பத்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு வரிசையில் இருந்தவன், அதனால் என்னை சூப்பர்வைசராக மதிக்க அவனுக்கு உடம்பு வளையாது.

"நாத்தம் ஒனக்கு. கொசுவுக்குச் சாவு."

"கொசுதான் சாவுமா, கூட நாமளுமா?"

"சிரட்டைக்கு ரெண்டு சொட்டு. பத்து நாளைக்கு ஒரு தடவ. இனி யாரும் சிரட்டையக் கவுத்தாண்டாம்."

அஜிதா பாட்டிலை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். எங்களில் இளையவள், இருபத்தாறு வயது, மூன்றாம் பிளாக். ஆறாவது மாதம். கட்டினவன் ஷிபு கொல்லத்தில் கொத்துவேலை பார்க்கிறான். மாமியாரோடு இருக்கிறாள். இந்த வயிற்றோடு வேலைக்கு வராதே என்று நானே இரண்டு முறை சொல்லிவிட்டேன். ஏழாம் மாசம் வரைக்கும் வருகேன் அக்கா என்கிறாள்.

"அக்கா, நானும் கவுத்தாண்டாமா?" என்று கேட்டாள். "ஷிபு போன்ல சொல்லியாச்சு, கொசு விஷயத்துல கவனமா இருன்னு."

"நீதான் முக்கியமாக் கவுத்தாண்டாம். வெட்டும் முடிச்சிட்டு இந்த வயித்த வச்சிட்டுச் சரிவுல இன்னொரு நடை எதுக்கு? ரெண்டு சொட்டு விட்டுட்டு வீட்டுல போய்க் கிட. நான் பொறுப்பு."

அவள் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிக்கு டெங்கு என்றால் இரண்டு உயிர். இந்த எண்ணெய் யாருக்கு உதவுகிறதோ இல்லையோ, அஜிதாவுக்கு உதவினால் எனக்குப் போதும்.

தாசையன் மட்டும், "நான் கவுத்துவேன். எனக்க கை, எனக்க சிரட்டை" என்றான். கவுத்தட்டும். விஞ்ஞானத்தை யாரும் கழுத்தைப் பிடித்துத் திணிக்க முடியாது.

ஜூன் 3, செவ்வாய்

ஐந்து நாளாக மழை. வெட்டு இல்லை. புகைக்கூட்டில் ஷீட் காயவில்லை, பூஞ்சை பிடித்துவிட்டது. வீட்டில் துணியும் அப்படியே. கிளாட்ஸ்டன் ஈரச் சட்டையோடு அண்டி ஆபீசுக்குப் போனார்.

மழை சற்று விட்டபோது என் பிளாக்கைச் சுற்றினேன். முந்நூறு சிரட்டை பார்த்தேன். புழு ஒன்றுகூட இல்லை.

ஜூன் 7, சனி

அதே. ஒன்றுமில்லை. முந்நூறு சிரட்டை, பூச்சியம்.

ஒன்று எழுதி வைக்க வேண்டும். என் சிரட்டைகள் எப்போதும் பளிச்சென்று இருக்கும். வெட்டு நிற்கும் நாளில் ஒட்டுப்பாலை உரித்து, அடியில் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும் ரப்பரையும், பாடை என்போம், நகத்தால் கிள்ளி எடுத்துவிடுவேன். மற்றவர்கள் அடுத்த வெட்டுவரை அப்படியே விட்டுவிடுவார்கள். சுத்தம் பழக்கமாக வர வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

தாசையன் வழிமறித்தான்.

"பெல்சி, அஜிதாக்க பிளாக் பக்கமாட்டு வந்தேன். ஏழு சிரட்டைல எட்டிப் பாத்தேன். அஞ்சுல கூத்தாடி."

"எண்ணெய் ஊத்தியிருக்க மாட்டா."

"ஊத்தினேன்னு சொன்னாளே."

"ஊத்தியிருந்தா செத்திருக்கும். எனக்க பிளாக்க வந்து பாரு."

"ஒனக்க பிளாக் பாத்தாச்சு. கொள்ளாம், ஒரு புழு இல்ல. நான் சொன்னது அவளுக்க பிளாக்."

அஜிதாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஊற்றினேன் என்றாள். எத்தனை சொட்டு? இரண்டு. எல்லா மரத்துக்கும்? தயங்கினாள். பிறகு, எல்லாத்துக்கும்தான் என்றாள். அந்தத் தயக்கம் எனக்குப் போதும். மற்ற இருவரிடமும், ஒழுங்காக ஊற்றினால்தான் எண்ணெய் வேலை செய்யும், அஜிதா மாதிரி அரைகுறையாகச் செய்யக் கூடாது என்று சொல்லி வைத்தேன். அவளுக்கு இன்னொரு பாட்டில் கொடுத்தேன்.

ஜூன் 16, திங்கள்

வெயில் அடித்தது. வெட்டு. நல்ல பால். அஜிதா வரவில்லை, காய்ச்சலாம். மழையில் நனைந்திருப்பாள்.

ஜூன் 17, செவ்வாய்

அஜிதாவுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

அவள் வீட்டுக்குப் பின்னால் ஓடை இருக்கிறது. மாமியார் உடைந்த தொட்டியில் தண்ணீர் பிடித்து வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். கீழ்த் தோட்டத்திலிருந்து கொசு பறந்து வர எவ்வளவு நேரம் ஆகும்? தோட்டத்தில்தான் கடித்தது என்று யாரால் சொல்ல முடியும்? யாராலும் முடியாது.

ஜூன் 18, புதன்

மூன்றாம் பிளாக்கில் போய்ப் பார்த்தேன். முதல் வரிசையில் பத்துச் சிரட்டை. ஒன்பதில் புழு. சிலவற்றில் கூண்டுப்புழு, இன்றோ நாளையோ பறக்கிற நிலை.

ஒரு சிரட்டையின் தண்ணீரைக் கொட்டிவிட்டு அடியில் கிடந்த ரப்பர்ப் பாடையை உரித்தேன். பழுப்பேறி விரலில் பிசுபிசுத்தது. அண்டித்தோட்டு வாசனை. பத்திலும் அதே வாசனை.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஷிபு கொல்லத்திலிருந்து வந்துவிட்டான். வார்டில் எல்லாருக்கும் கேட்கும்படி அவளைத் திட்டிக்கொண்டிருந்தான். "ரெண்டு சொட்டு எண்ணெய் ஊத்தக்கூட ஒனக்கு வய்யாதா? எனக்க பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா பாத்துக்க." அஜிதா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவன் தன் அம்மாவிடம், தோட்டத்தில் எல்லாரும் ஊற்றினார்களாம், இவள் ஒருத்திதான் ஊற்றவில்லையாம் என்றான். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

இரண்டு ஆரஞ்சு வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 19, வியாழன்

காலையில் மூன்றாம் பிளாக் பக்கம் ஒரு நடை போனேன். உடம்புக்கு நல்லது.

ஜூன் 20, வெள்ளி

இன்றும் நடந்தேன். பெரிய மழை. நடந்து முடிக்க இரண்டரை மணி நேரம் ஆனது.

ஜூன் 22, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. நடந்தேன்.

அஜிதாவுக்கு பிளேட்லெட் குறைந்துகொண்டே போகிறது. நாற்பத்தியோராயிரம் என்று அவள் மாமியார் போனில் சொன்னார். பிள்ளைக்கு இதயத்துடிப்பு இருக்கிறதாம்.

ஜூன் 23, திங்கள்

கிளாட்ஸ்டன் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "நடக்கப் போனவளுக்குக் கை எப்படிக் கிழிஞ்சு?"

"சிரட்டைக் கம்பி."

"ஒனக்க பிளாக்ல வெட்டு இல்லியே."

தோசை கருகுகிறது என்று அடுப்படிக்குப் போனேன். அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜூன் 24, செவ்வாய்

முப்பத்திரண்டாயிரம். நடந்தேன். சாயங்காலம் மறுபடியும் மழை, மறுபடியும் நடந்தேன்.

ஜூன் 26, வியாழன்

இரண்டு நல்ல செய்தி. அஜிதாவுக்கு பிளேட்லெட் ஏற ஆரம்பித்துவிட்டது. எழுபதாயிரம். பிள்ளை நன்றாக இருக்கிறது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இரண்டாவது, ஆய்வாளர் பத்மகுமார் வந்தார். ஒரு ஆளுக்கு டெங்கு வந்த தோட்டம் என்பதால் நேராக மூன்றாம் பிளாக்குக்குப் போய், கையில் டார்ச்சோடு சிரட்டை சிரட்டையாகப் பார்த்தார். ஒரு புழு இல்லை. என் பிளாக்கிலும் இல்லை. வரும்போது "ஏம்மா, யாரு இங்க சூப்பர்வைசர்" என்று கூப்பிட்டவர், எண்ணெயைப் பற்றி நான் சொல்லச் சொல்ல, "மேடம்" ஆக்கிவிட்டார்.

"பதினாலு தோட்டத்துக்கு நோட்டீஸ் குடுத்தேன் மேடம், ஒருத்தரும் கவுத்தல. இது கொள்ளாமே. ரெண்டு சொட்டுன்னா எல்லாரும் செய்வாங்க. செவ்வாய்க்கெழமை எல்லாத் தோட்டத்து ஆளுகளையும் இங்க வரச்சொல்லுகேன். நீங்க செஞ்சு காட்டுங்க. மேல எழுதிப் போடலாம்."

எல்லாத் தோட்டத்திலும். பதினான்கு. இருபதாயிரம் சிரட்டைக்கு மேல் வரும். சரி என்றேன்.

கல்லூரியில் என் பேராசிரியர் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். மேலே எழுதிப் போடும்போது பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி. என்று போட வேண்டும், அதையும் சொன்னேன்.

ஜூன் 28, சனி

அஜிதா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். போய்ப் பார்த்தேன். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தாள். வயிறு மட்டும் இருக்கிறது. நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் கம்பி கிழித்த என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க என்கிட்ட மிண்டாம பேசாம இருக்காண்டாம். நான் உங்ககிட்ட பொய் சொன்னேன்."

"என்ன பொய்?"

"எல்லா மரத்துக்கும் ஊத்தினேன்னு சொன்னது. கடைசி வரிசைல இருவது மரத்துக்கு ஊத்தல. அந்த மணம் வந்து ஓக்காளம் எடுத்து, வய்யாம வீட்டுக்குப் போயிட்டேன். அதுலதான் கொசு வந்திருக்கு. எனக்க தெத்து. நீங்க எனக்காவ அவ்வளவு செஞ்சீங்க, நான் உங்களுக்க எண்ணெயக் கெடுத்துட்டேன். ஷிபு சொல்லுகதுல தப்பில்ல. மன்னிச்சிருங்க அக்கா."

அவள் அழுதாள். உடம்பைப் பார்த்துக்கொள், ரெஸ்ட் எடு, பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பரவாயில்லை என்று சொன்னேன்.

ஜூன் 29, ஞாயிறு

 நேற்றைய பக்கத்தைப் படித்தேன். அதற்கு முந்தைய பக்கங்களையும் படித்தேன். ஆராய்ச்சிக் குறிப்பேட்டில் நான் எழுதாமல் விட்டவற்றை இன்று எழுதுகிறேன்.

ஜூன் 19 முதல் 26 வரை நான் நடக்கப் போகவில்லை. மூன்றாம் பிளாக்கின் முந்நூறு சிரட்டையையும் ஒவ்வொரு மழைக்கும் கையால் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினேன், யாரும் கண்டுபிடிக்காமலிருக்க மறுபடி நிமிர்த்தினேன். பத்மகுமார் வருகிறார் என்று தெரிந்த அன்று காலை உள்ளே ஈரத்தைத் துடைத்தும் வைத்தேன். அவர் கண்டது எண்ணெயின் வேலை அல்ல.

அஜிதா எண்ணெய் ஊற்றியிருக்கிறாள் என்று எனக்கு ஜூன் 18 அன்றே தெரியும். விரலில் வாசனை அடித்தது.

இன்று மதியம் இரண்டு சிரட்டை எடுத்துக்கொண்டேன். ஒன்று கழுவியது. ஒன்று மூன்றாம் பிளாக்கில் கம்பியில் தொங்கியது, அடியில் ரப்பர்ப் பாடையோடு. இரண்டிலும் மழைத்தண்ணீர், இருபது புழு, இரண்டு சொட்டு. சாயங்காலம் பார்த்தேன். கழுவியதில் எல்லாம் செத்துக் கிடந்தன. பாடை உள்ளதில் இருபதும் உயிரோடு இருந்தன. எண்ணெயை ரப்பர் குடித்துவிடுகிறது. தண்ணீருக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

என் பிளாக்கில் பூச்சியம் வந்ததற்குக் காரணம் நான் பாடையைக் கிள்ளி எடுப்பது. என் வீட்டில் எண்பதும் செத்ததற்குக் காரணம் நான் சோப்புப் போட்டுக் கழுவியது. பால் வெட்டுகிற தோட்டத்துக்கு மருந்து செய்தவள், பால் படாத சிரட்டையில் சோதித்திருக்கிறேன். எம்.எஸ்ஸி. படித்தவளுக்கும் தோன்றவில்லை, பதினொரு வருடம் ரப்பரில் கையை விட்டவளுக்கும் தோன்றவில்லை.

அவளை எந்தக் கொசு கடித்தது என்று யாரும் சொல்ல முடியாது என்று எழுதியிருந்தேன். இப்போதும் முடியாது. அவள் பிளாக்கில் கொசு பெருக விட்டது யார் என்று சொல்ல முடியும்.

ஜூலை 1, செவ்வாய்

ஷெட் நிறைய ஆள். பதினான்கு தோட்டத்திலிருந்தும் வந்திருந்தார்கள். பத்மகுமார் என்னை எம்.எஸ்ஸி. என்று சொல்லித்தான் அறிமுகப்படுத்தினார்.

 ஒரு விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும் என்றால் அதைப் பேசுவதில் எனக்குத் தயக்கம் கிடையாது, அது என் தோல்வியாக இருந்தாலும். இரண்டு சிரட்டையையும் மேசையில் வைத்து, எல்லாரையும் வரிசையில் வந்து பார்க்கச் சொன்னேன். பார்த்து முடித்ததும் சொன்னேன். "இந்த எண்ணெய் சுத்தமான சிரட்டைலதான் வேலை செய்யும். பாடை கெடந்தா செய்யாது. நம்ம சிரட்டை எல்லாத்துலயும் பாடை உண்டு. அதுனால கவுத்தத்தான் வேணும். ஒண்ணு, மழை நாளைக்குக் கவுத்துங்க. இல்ல, பாடைய உரிச்சிட்டு ரெண்டு சொட்டு விடுங்க. ரெண்டுல எது எளுப்பம்னு உங்களுக்கே தெரியும். வீட்டுத் தொட்டிக்கும் டயருக்கும் வேணும்னா எண்ணெய் தாரேன், அதுல நல்லாவே கேக்கும்."

பத்மகுமார் எழுந்து நின்றுவிட்டார். "மேடம், நான் வந்து பாத்தப்ப மூணாம் பிளாக்ல ஒண்ணுமே இல்லியே."

"நான் கையால கவுத்தினேன் சார். எட்டு நாள். உங்ககிட்ட மறைச்சிட்டேன்."

 பின்னால் யாரோ சிரித்தார்கள், யாரோ அடக்கினார்கள். பத்மகுமார் முகம் சிவந்து, ஃபைலை மூடினார். கடைசியில், அப்போ நான் முதலில் சொன்னதையே செய்யுங்க என்று மட்டும் சொன்னார். மேலே எழுதிப் போடுகிற பேச்சு அதோடு போயிற்று. வருத்தம்தான். இல்லை என்று எழுதினால் பொய்.

எல்லாரும் போன பிறகு தாசையன் பெஞ்சை மடக்கி வைத்துக்கொண்டிருந்தான். கேலி செய்வான் என்று காத்திருந்தேன்.

"கொள்ளாம் பெல்சி. நல்லாச் சொன்ன" என்றான். "அந்தப் பிள்ளகிட்டச் சொல்லியாச்சா?"

நான் மேசையில் இருந்த சிரட்டைத் தண்ணீரை வெளியே கொட்டினேன்.

"பதினாலு தோட்டத்துக்கும் சொல்லியாச்சு. அவ ஒருத்திகிட்டச் சொல்லல" என்றான். பெஞ்சைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனான்.

ஜூலை 2, புதன்

மூன்று மணிக்கு அஜிதா வீட்டுக்குப் போனேன். மாமியார் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். அஜிதா கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக நான் போனதும், காப்பி போடட்டா அக்கா என்று எழுந்திருப்பாள். இன்று எழுந்திருக்கப் போனவளைத் தடுத்து உட்கார வைத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பாடை, எண்ணெய், நான் உரித்துப் பார்த்த பத்துச் சிரட்டை, எட்டு நாள் கவிழ்த்தது. அவள் அரைகுறையாக ஊற்றினாள் என்று மற்றவர்களிடம் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். சொல்வதற்கு முன்பு கொஞ்சம் சுற்றி வளைத்தேன், ரப்பரின் குணம் எண்ணெயின் குணம் என்றெல்லாம். அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப அந்த இருவது மரம்?"

"அதுல ஒண்ணுமில்ல. நீ ஊத்தின மரத்துலயும் புழு இருந்து. நான் பாத்த பத்தும் நீ ஊத்தினதுதான்."

"எனக்க தெத்து இல்லியா?"

"இல்ல அஜிதா. ஒண்ணுமே இல்ல. கவுத்தாண்டாம்னு சொன்னது நான். பொறுப்புன்னு சொன்னதும் நான்."

அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"என்னைக்குத் தெரியும் உங்களுக்கு?"

"பதினெட்டாம் தேதி."

"அன்னைக்கு நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க" என்றாள். "ஷிபு அத்தன பேருக்கு முன்னால என்னப் பேசிட்டிருந்தப்ப நீங்க ஆரஞ்சோட நின்னீங்க. நான் கண்ண மூடிட்டுக் கெடந்தேன், ஆனா நீங்க வந்தது தெரியும்."

"ஆமா."

"சனிக்கெழமை நான் மன்னிப்புக் கேட்டப்பவும் தெரியும்."

"ஆமா."

பரவாயில்லை அக்கா என்று அவள் சொல்லவில்லை. சொல்வாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன் என்பதை இங்கே எழுதுகிறேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரு இப்பவும் என்கிட்டச் சரியாப் பேசுகதில்ல அக்கா. பிள்ளைக்குக் கண்ணோ காதோ கொறஞ்சு பெறந்தா நீதான் காரணம்னு சொல்லியாச்சு. அத்தையும் அப்படித்தான். என்கிட்டச் சொன்னது போதாது. அவங்ககிட்டச் சொல்லணும்."

"சொல்லுகேன். எப்ப வருவான்?"

"ஆறு மணிக்கு. இப்ப இங்க பக்கத்துலதான் வேலை. நீங்க இருங்க."

இருந்தேன். மூன்று மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில். அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்ச நேரம் தூங்கினாள். மாமியார் வந்து, என்ன பெல்சி, காப்பி குடிச்சியா என்று கேட்டார். பெறகு குடிக்கலாம் என்றேன். மழை பெய்து ஓய்ந்தது. அந்த வீட்டு முற்றத்தில் கிடந்த வாளியையும் உடைந்த தொட்டியையும் போய்க் கவிழ்த்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன்.

ஆறரைக்கு ஷிபு வந்தான். நனைந்த சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, என்னைப் பார்த்ததும் சிரித்தான். "வாங்கக்கா. இவளுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க, ரெண்டு சொட்டு ஊத்த மடிச்சிட்டு இப்ப எல்லாரையும் பாடு படுத்துகா."

அஜிதா சுவரைப் பிடித்து எழுந்து வந்தாள். மாமியாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். பிறகு அவனிடம், "அக்கா ஒரு காரியம் சொல்ல வந்திருக்கு. மொதல்ல இருந்து கேளுங்க" என்றாள்.

நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, மே இருபத்தெட்டாம் தேதியிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.